தில்லி அடுக்களையில் நம்ம ஊர் அரிசியும் பருப்பும்

சங்கத்தின் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, "இலக்கியத்தைப் பற்றியும் கோவில்களைப் பற்றியும் எழுத அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள். நான் அடுக்களையைப் பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டேன். தாராளமாக எழுதுங்கள் என்றார்கள். பள்ளியில் மனையியல் பாடம் நடத்தியவள் நான். திருமணமாகித் தில்லிக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. படித்தது கொஞ்சம், அடுப்படியில் தெரிந்துகொண்டது மிச்சம். இரண்டையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

அம்மாவும் பாட்டியும் நமக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் விதிகள். "ராத்திரி அரைச்சு வச்சா காலையில பொங்கிடும்." "பருப்பை வெயிலில் காயவைத்து எடுத்து வை." "புளியைப் பித்தளையில் போடாதே." இந்த விதிகள் தஞ்சாவூருக்கும் திருநெல்வேலிக்கும் மிகச் சரி. அங்கே மார்கழியிலும் அடுக்களை அப்படியொன்றும் குளிர்ந்துவிடாது. தில்லி வேறு. ஜனவரி இரவில் ஏழு டிகிரிக்கும் கீழே போகிறது, மே பிற்பகலில் நாற்பத்திரண்டைத் தாண்டுகிறது, ஆகஸ்டில் சுவரே வியர்க்கிறது. ஒரே விதியை மூன்று பருவத்துக்கும் வைத்துக்கொண்டால் மாவு பொங்காது, சோறு ஊசிப்போகும், பருப்பில் வண்டு விழும். விதிக்குப் பின்னால் இருக்கிற காரணம் தெரிந்தவருக்கு எந்த ஊரும் ஒன்றுதான். விதியைப் பருவத்துக்குத் தக்கபடி அவரே மாற்றிக்கொள்வார்.

காரணம் என்று பார்த்தால் நான்கே விஷயம்: ஈரம், சூடு, புளிப்பு, காற்று. உணவைக் கெடுக்கும் கிருமிகளும் பூசணமும் பூச்சியும் வளர ஈரம் வேண்டும், மிதமான சூடு வேண்டும். புளிப்பு மிகுந்த இடத்தில் பெரும்பாலான கிருமிகள் தலையெடுப்பதில்லை. எண்ணெய்ப் பண்டமும் பொடியும் காற்றுப் பட்டால் சிக்கெடுத்து மணம் இழக்கின்றன. உப்பும் சர்க்கரையும் பொருளில் இருக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமிக்குக் கொடுப்பதில்லை. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும்போது கட்டிக்கொண்டு போகும் புளியோதரையைப் பாருங்கள். புளிக்காய்ச்சலில் புளிப்பு, உப்பு, நல்லெண்ணெய் மூன்றும் உண்டு. நீர் சுண்டிப் போயிருக்கும். அதனால்தான் அது மறுநாளும் தாங்குகிறது, தேங்காய்ச் சாதமோ மாலைக்குள் வீணாகிறது. நம் முன்னோர் பாடப்புத்தகம் படித்து இதைச் செய்யவில்லை. ஆனால் செய்தது சரியான விஞ்ஞானம்.

வாங்கும்போது

முதலில் பெயர்க் குழப்பம். இங்கே வளர்ந்த நம் பிள்ளைகளிடம் துவரம்பருப்பு வாங்கி வரச் சொன்னால் முழிப்பார்கள். "அர்ஹர்" என்றால்தான் தெரியும். சில பேர் நிறத்தைப் பார்த்து மசூரை வாங்கி வந்துவிடுவார்கள். உளுந்து என்றால் உரத், பாசிப்பருப்பு என்றால் மூங், வெந்தயம் என்றால் மேத்தி, பெருங்காயம் என்றால் ஹீங். இரண்டு பெயரையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒரு மொழி அடுக்களையில்தான் கடைசிவரை உயிரோடிருக்கும் என்பது என் எண்ணம்.

அரிசியில் கவனம் வேண்டியது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, காயவைத்துக் குத்துவது புழுங்கல். அப்படிச் செய்யும்போது தவிட்டில் இருக்கும் பி1 உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசியைத் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடும். இந்தச் சத்து குறைந்தால் வருவதுதான் பெரிபெரி நோய். தில்லிக் கடைகளில் "சேலா" என்று கேட்டால் புழுங்கல் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் அது பாஸ்மதி வகையைப் புழுக்கிய நீள அரிசி. பிரியாணிக்கு நன்றாக இருக்கும், இட்லிக்கு நம் குண்டு அரிசி போல வராது. கரோல்பாக், ராமகிருஷ்ணபுரம், முனீர்க்கா, மயூர் விஹார் பக்கத்துத் தென்னிந்தியக் கடைகளில் இட்லி அரிசி என்றே கேட்டு வாங்குவது நல்லது.

உளுந்தில் தோல் நீக்கிய முழு உளுந்தே மாவு காணும். உடைத்த உளுந்து நாளாக ஆக வறண்டு, அரைக்கும்போது உபரி தராது. உளுந்தில் இருக்கும் வழவழப்புத்தான் பொங்கும் காற்றைப் பிடித்து வைக்கிறது. பழைய உளுந்தில் அது குறைந்துபோகும். எனவே உளுந்தை மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள்.

கடுகுக்கும் ஒரு வார்த்தை. 1998 ஆகஸ்டில் இதே தில்லியில் கலப்படக் கடுகெண்ணெய் சாப்பிட்ட ஆயிரக்கணக்கானோருக்குக் கால் வீங்கி, மூச்சுத் திணறி, அறுபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த எண்ணெயில் கலந்திருந்தது நம் ஊர் வரப்பில் முளைக்கும் பிரம்மதண்டு விதையின் எண்ணெய். அந்த விதை பார்வைக்குக் கடுகு போலவே இருக்கும். ஒரு சிட்டிகையைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். கடுகு வழவழவென்று இருக்கும், நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரம்மதண்டு விதை சொரசொரவென்று இருக்கும், நசுக்கினால் உள்ளே வெள்ளை. எண்ணெயைச் சில்லறையாக, திறந்த டின்னிலிருந்து அளந்து வாங்க வேண்டாம். மூடி முத்திரையிட்ட பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண் இருக்கிறதா, எந்தத் தேதிவரை பயன்படுத்தலாம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அரை நிமிட வேலை.

குளிர்காலம்: மாவும் தயிரும்

தில்லித் தமிழ் வீடுகளில் டிசம்பர் பிறந்தால் கேட்கும் முதல் புலம்பல், "மாவு பொங்கவே மாட்டேங்குது!" மாவைப் பொங்கவைப்பவை உளுந்திலேயே இருக்கும் நுண்ணுயிரிகள். லூகோனோஸ்டாக் என்பது அவற்றுள் முக்கியமானது. அவை சர்க்கரையைத் தின்று புளிப்பையும் காற்றையும் விடுகின்றன. இருபத்தெட்டிலிருந்து முப்பத்திரண்டு டிகிரி வரை அவற்றுக்குச் சுகம். பதின்மூன்று டிகிரி அடுக்களையில் அவை செத்துப்போவதில்லை, சும்மா படுத்துத் தூங்குகின்றன. நாம் செய்ய வேண்டியது அவற்றுக்குக் கொஞ்சம் கதகதப்பு கொடுப்பதுதான்.

நான் செய்வது இது. உளுந்தையும் வெந்தயத்தையும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைப்பேன். முன்னதாகவே நன்றாகக் களைந்துவிட்டு, ஊறிய நீரையே விட்டு அரைப்பேன். ஊறிய தண்ணீரிலும் அந்த நுண்ணுயிரிகள் இருக்கின்றன, அதைக் கொட்டுவானேன்? அரைத்த மாவைக் கையால் நன்றாகக் கலப்பேன். பிறகு மூடி, விளக்கு மட்டும் எரியும் மின் அடுப்புப் பெட்டிக்குள் வைப்பேன். அந்தச் சிறு விளக்கின் சூடே போதும். அது இல்லாதவர்கள் மைக்ரோவேவ் பெட்டியை ஓடவிடாமல், உள்ளே ஒரு சொம்பு கொதிநீரையும் மாவையும் வைத்துக் கதவை மூடிவிடலாம். ராத்திரி ஒருமுறை நீரை மாற்றினால் நல்லது. ரஜாயைச் சுற்றி வைப்பது மட்டும் பலன் தராது. ரஜாய் இருக்கிற சூட்டைக் காக்குமே தவிரத் தானாகச் சூடு தராது. மாவு முதலிலேயே வெதுவெதுப்பாக இருந்தால்தான் ரஜாயால் பிரயோஜனம். குளிர்காலத்தில் எட்டு மணி நேரம் போதாது, பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் கொடுங்கள். அவசரப்பட்டுச் சோடா மாவு போட்டால் இட்லி உப்பும், ஆனால் புளிப்பும் மணமும் வராது.

தயிருக்கும் இதே கணக்குத்தான். பால் விரல் பொறுக்கும் சூட்டில், அதாவது நாற்பது, நாற்பத்தைந்து டிகிரியில் இருக்கும்போது உறை ஊற்ற வேண்டும். கோடையில் ஒரு லிட்டருக்கு ஒரு சின்ன ஸ்பூன் உறை போதும், குளிரில் இரண்டு பெரிய ஸ்பூன் விடுங்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமி எனக்குச் சொல்லிக் கொடுத்த உபாயம் ஒன்று உண்டு. தயிர்ப் பாத்திரத்தை மூடி, ஆட்டா டிரம்முக்குள் பாதி புதைத்து வைத்துவிடுவார். மாவு சூட்டை வெளியே விடாது. காலையில் கத்தியால் வெட்டலாம் போலத் தயிர் உறைந்திருக்கும். நம்ம பாட்டிகளுக்கு ஆட்டா டிரம் ஏது? இந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியதும் நிறைய இருக்கிறது.

தேங்காயெண்ணெய் உறைந்துவிட்டது, கலப்படமோ என்று பயப்பட வேண்டாம். இருபத்து நான்கு டிகிரிக்குக் கீழே போனால் நல்ல தேங்காயெண்ணெய் உறைவதுதான் இயல்பு.

கோடை: சோறும் வற்றலும்

மே மாதத்தில் எல்லாம் தலைகீழ். மாவு நான்கைந்து மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடும். குளிர்ந்த நீர் விட்டு அரைத்து, சற்றே எழும்பியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மூன்று நாள் இட்லிக்கு, அதன் பிறகு தோசைக்கும் ஊத்தப்பத்துக்கும். இன்று கைபேசியில் தட்டினால் பத்து நிமிஷத்தில் மாவே வாசலுக்கு வந்துவிடுகிறது. வாங்குவதில் தப்பில்லை. ஆனால் அது கடையிலிருந்து உங்கள் வாசல்வரை குளிர்ச்சியாக வந்ததா என்று தொட்டுப் பாருங்கள். உப்பிய பாக்கெட்டாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கோடையில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது வடித்த சோறு. அரிசியில் பேசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துக்கள் இருப்பதுண்டு. கொதிக்கவைத்தாலும் வித்து சாகாது. சோறு ஆறி, வெளியே கிடக்கும்போது அது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகிறது. அந்த நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. "நல்லா கொதிக்க வச்சுட்டேனே" என்பது இங்கே சமாதானம் ஆகாது. மிஞ்சிய சோறு சாதாரண நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. தில்லிக் கோடையில் ஒரு மணி நேரம்தான். குக்கரோடு குளிர்பெட்டியில் வைத்தால் நடுச்சோறு ஆற நெடுநேரமாகும். அகலமான தட்டில் பரப்பி, ஆறியதும் மூடி உள்ளே வையுங்கள்.

அப்படியானால் பழைய சோறு? பலரும் என்னைக் கேட்பது இது. பழைய சோற்றைக் காப்பது அதில் ஊறும் புளிப்பு. நீர் ஊற்றியதும் புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகள் வளர்ந்து, கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுப்பதில்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சோறு ஆறிய கையோடு, சுத்தமான பாத்திரத்தில், சுத்தமான நீரில் மூழ்க வேண்டும். மதியம் வடித்து மாலைவரை வெளியே கிடந்த சோற்றில் ராத்திரி நீர் ஊற்றுவது பழைய சோறு ஆகாது. மண்சட்டி கிடைத்தால் மிக நல்லது. சட்டியின் மேல் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே சூடு குறைகிறது. தில்லியின் வறண்ட காற்றில் அது ஊரைவிட நன்றாகவே வேலை செய்யும். காலையில் இதமான புளிப்பு மணம் வர வேண்டும். வழவழப்போ நூலோ கெட்ட வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள். வயதான பெற்றோருக்கும் கைக்குழந்தைக்கும் சந்தேகமானதைக் கொடுக்கவே கூடாது.

இந்த ஊர்க் கோடையால் ஒரு லாபமும் உண்டு, வற்றல். சென்னைக் காற்றில் எப்போதும் கடல் ஈரம். இங்கே ஏப்ரல், மே மாதக் காற்றில் ஈரமே இல்லை. அங்கே நான்கு நாள் காயும் கூழ்வற்றல் இங்கே இரண்டே நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். தூசிப்புயல் ஒன்றுதான் பகை. பழைய வெள்ளை வேட்டியை மேலே கட்டிவிட்டால் தீர்ந்தது. ஒடித்தால் "சடக்" என்று முறிய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

மழைக்காலம்: வண்டும் பூசணமும்

"சுத்தமாகப் புடைத்து, மூடித்தான் வைத்தேன். வண்டு எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார்கள். வெளியிலிருந்து வரவில்லை, அரிசிக்குள்ளேயே வந்தது. அரிசி வண்டு மணியில் துளை போட்டு முட்டையிட்டு, துளையை மூடியும் விடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது. முப்பது டிகிரியில், ஈரக் காற்றில், ஏறக்குறைய ஒரு மாதத்தில் வளர்ந்து வெளியே வரும். பதினைந்து டிகிரிக்குக் கீழே அதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஆகவே தில்லியில் மூட்டையாக வாங்க வேண்டுமானால் நவம்பர், டிசம்பரில் வாங்குங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை பதினைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

பருப்பைக் கோடை வெயிலில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைக்கலாம். அரிசியைக் கடும் வெயிலில் போட்டால் மணி விரிசல் விட்டுக் குருணையாகும். "அரிசியை நிழலில் உலர்த்து" என்று பெரியவர்கள் சொன்னது இதனால்தான். அரிசிக்கும் ரவைக்கும் நல்ல வழி உறைபெட்டி. பையில் காற்றுப் புகாமல் கட்டி நான்கு நாள் வைத்தால் முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். இல்லையேல் காற்றின் ஈரம் குளிர்ந்த அரிசியின் மேல் படிந்துவிடும்.

வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் போடுவது நல்ல வழக்கம்தான். அவை வண்டை விரட்டும், மணிக்குள் இருக்கும் முட்டையைக் கொல்லாது. முழுப் பயறுக்கும் கொண்டைக்கடலைக்கும் கிலோவுக்கு ஒரு சின்ன ஸ்பூன் விளக்கெண்ணெய் தடவி வைப்பது அதைவிட உறுதியானது. எண்ணெய்ப் படலத்தில் முட்டை மூச்சடைத்துப் போகும். சமைக்கும் முன் களைந்துகொள்ளுங்கள். ஓட்டை விழுந்த பயறைப் புடைத்து எடுத்துச் சமைப்பது சிக்கனம் ஆகாது. வண்டின் கழிவு அதற்குள் இருக்கிறது.

இனி நான் சொல்வதை மட்டும் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். இந்தப் பக்கத்தில் கோதுமையை மூட்டை மூட்டையாகச் சேமிக்கும் வழக்கம் உண்டு. அதில் போட இரண்டு விதமான மாத்திரைகளை யாராவது நல்லெண்ணத்தோடு நமக்கும் சொல்வார்கள். ஒன்று பாதரசம் சேர்ந்தது. உணவுப் பொருளோடு பாதரசத்துக்கு எந்த வேலையும் இல்லை. மற்றது அலுமினியம் பாஸ்பைடு, பேச்சு வழக்கில் "சல்ஃபாஸ்" என்பார்கள். காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்புகிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. பூட்டிய கிடங்கில், பயிற்சி பெற்றவர்கள் கையாள வேண்டிய பொருள் அது. வீடுகளில் தானியத்துக்குள் வைத்து, அதே அறையில் தூங்கிய குழந்தைகள் இறந்த செய்திகள் வட மாநிலங்களில் வந்திருக்கின்றன. மழைக்கால ஈரத்தில் ஆபத்து இன்னும் அதிகம். வண்டு விழுந்த பத்துக் கிலோ அரிசி போனால் போகட்டும். இந்த மாத்திரை வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது.

பூசணத்திலும் அலட்சியம் வேண்டாம். 1960-இல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன. தீவனத்தில் இருந்த பூசணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். அது கல்லீரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முழுவதும் போகாது. சட்னிக்கு எடுக்கும் கடலையில் சுருங்கியது, கறுத்தது, கசப்பது, பூத்தது எதுவானாலும் தூக்கி எறியுங்கள்.

புளியைக் கொட்டையும் கோதும் நீக்கி, கல்லுப்பு கலந்து பீங்கான் ஜாடியில் வையுங்கள். புளியின் அமிலம் உலோகத்தை அரிக்கும். சாம்பார்ப் பொடியை மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் அரைத்து வைக்காதீர்கள். முழு மல்லியாக, முழு மிளகாயாக இருக்கும்வரை மணம் தோலுக்குள் பத்திரமாக இருக்கும், பொடித்ததும் காற்றோடு போகத் தொடங்கிவிடும். எந்த டப்பாவிலும் ஈர ஸ்பூன் விடக் கூடாது என்பதை மாமியார் சொல்லாமலே நீங்கள் அறிவீர்கள்.

படிக்கும் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சமையல் குறிப்புகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. தில்லி ஜனவரியில் உங்கள் வீட்டு மாவு எத்தனை மணி நேரத்தில் பொங்கியது, எந்த மாதம் வாங்கிய பருப்பு கெடாமல் இருந்தது என்பதை உங்களைத் தவிர யாரும் எழுத முடியாது. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மாதம், செய்த முறை, அதன் காரணம் மூன்றையும் எழுதுங்கள். தமிழில் எழுத வராத பிள்ளை இருந்தால், நீங்கள் சொல்லச் சொல்ல அவர்களையே எழுத்துக்கூட்டி எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு அவர்கள் வேலைக்காகப் புணேவுக்கோ குவாஹாட்டிக்கோ போவார்கள். அங்கே குளிரும் மழையும் வேறு மாதிரி இருக்கும். காரணம் தெரிந்திருந்தால் அந்த ஊர் அடுக்களையிலும் நம் இட்லி பொங்கும்.